கற்பித்தல் கொள்கைக் குறிப்பை வகுப்பறையிலிருந்து எழுதுவது எப்படி?

பி.எட். பயிற்சிக் குறிப்பேட்டிலும், தனியார் பள்ளி நேர்காணலிலும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான விண்ணப்பத்திலும் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று, ‘உங்கள் கற்பித்தல் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுக’ என்பது. இதற்கு எழுதப்படும் விடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. முதல் பத்தியில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி வருவார், இரண்டாவதில் இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி வருவார், மூன்றாவதில் ‘மாணவர் மையக் கல்வியில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு’ என்ற வரி வரும். பெயரை மறைத்துவிட்டால், எழுதியவர் கணக்கு நடத்துபவரா தமிழ் நடத்துபவரா, முதல் வகுப்பிலா பிளஸ் டூவிலா என்பதுகூடத் தெரியாது.

இங்கே நான் பரிந்துரைக்கும் வழி இதற்கு நேர்மாறானது. ஒருவருடைய கற்பித்தல் கொள்கை அவர் படித்த நூல்களில் இருப்பதைவிட அதிகமாக, அவருடைய 45 நிமிடப் பாடவேளைக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. யாரைக் கேட்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், தவறான விடை வந்தால் அடுத்த நொடி என்ன செய்கிறார் என்பவைதாம் அந்தக் கொள்கை. ஆகவே முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கும் பிறகுதான் எழுத உட்கார வேண்டும்.

சான்று சேகரித்தல்

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, உங்கள் வகுப்பு ஒன்றைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். காணொளி வேண்டாம், கேமராவைக் கண்டதும் பிள்ளைகளும் நடிப்பார்கள், நாமும் நடிப்போம். பதிவை யாரிடமும் பகிர வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். ஒரே வாரத்தில் வெவ்வேறு நேரங்களில் மூன்று நான்கு பாடவேளைகளைப் பதிவு செய்தால் போதும். அவற்றுள் ஒன்றாவது மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையாக இருப்பது நல்லது, ஏனெனில் முதல் பாடவேளையில் எல்லா ஆசிரியரும் நல்லாசிரியரே.

வீட்டில் அதைக் கேட்கும்போது ஒரு தாளில் குறிக்க வேண்டியவை சில. நீங்கள் கேட்ட வினாக்கள் எத்தனை? அவற்றுள் ‘புரிஞ்சுதா?’ என்பதைக் கழித்தால் மிஞ்சுபவை எத்தனை? விடை சொன்னவர்கள் யார் யார், அவர்கள் எந்த வரிசையில் உட்காருபவர்கள்? மாணவர் எவரேனும் உங்களிடம் தாமாக வினாக் கேட்டார்களா? வினாவுக்கும், நீங்களே விடையைச் சொல்லத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை விநாடி சென்றது?

கடைசியாகச் சொன்னதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அந்தக் காத்திருப்பை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகள் பேசினார்கள், ‘தெரியாது’ என்ற பதிலும் மௌனமும் குறைந்தன. மூன்று விநாடி என்பது காகிதத்தில் அற்பம். நாற்பது பேர் முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு அது மிக நீண்ட நேரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சிந்திக்க உரிமை உண்டு என்று குறிப்பில் எழுதிவிட்டு, சிந்திக்க ஒரு விநாடி மட்டும் தருபவரின் உண்மையான கொள்கை எது என்பதை அந்த ஒலிப்பதிவுதான் சொல்லும்.

அதோடு வகுப்பில் நன்றாகப் படிப்பவர், நடுவில் நிற்பவர், பின்தங்கியவர் என ஐந்தாறு பேரின் நோட்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே இடத்தில் அடிக்கோடு, ஒரே சிவப்பு டிக் இருந்தால், அங்கே நடந்தது கரும்பலகையைப் பெயர்த்தெழுதும் வேலை. மாணவர் தம் சொல்லில் எழுதிய ஒரு வரியாவது எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும்போது உதவும்.

தவறான விடையிடம் கேளுங்கள்

சான்றுகள் கையில் வந்தபின், உங்கள் நம்பிக்கைகளைக் கண்டுபிடிக்க உதவும் கேள்விகள் பல உண்டு. பாடத்தின் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கற்க உங்கள் வகுப்பில் இடம் உண்டா? தேர்வு எதற்காக? இவையெல்லாம் கேட்கத் தக்கவையே. ஆனால் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தவறான விடை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கற்றல் பற்றிய ஓர் ஆசிரியரின் எண்ணம் அந்த இடத்தில் வெளிப்படுவதுபோல் வேறெங்கும் வெளிப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஏழாம் வகுப்பில் தசம எண்கள் நடக்கின்றன. ‘3.5, 3.45 இரண்டில் எது பெரியது?’ என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரு மாணவி எழுந்து, ‘3.45 தான் சார், அஞ்சைவிட நாப்பத்தஞ்சு பெருசு’ என்கிறாள். ‘தப்பு, உட்கார். அடுத்து யார்?’ என்பது ஒரு கொள்கை. ‘3.5-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போடு, இப்போ ஐம்பது பெருசா நாற்பத்தைந்து பெருசா?’ என்பது இன்னொரு கொள்கை. இதில் விடை சரியாகிவிடும், தேர்விலும் மதிப்பெண் வரும், ஆனால் புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதைத் தனி முழு எண்ணாக நினைக்கும் அவளுடைய எண்ணம் அசையாமல் அப்படியே இருக்கும். ‘ஏம்மா அப்படிச் சொல்ற?’ என்று கேட்டு, அளவுகோலைக் கையில் கொடுத்து 3.4 செ.மீ., 3.5 செ.மீ. இரண்டையும் தொட்டுக் காட்டச் சொல்லி, 3.45 எங்கே வரும் என்று அவளையே தேட விடுவது மூன்றாவது கொள்கை.

அதே வகுப்பில் ‘3.5 தான் பெரியது’ என்று சரியாகச் சொன்ன மாணவன் ஒருவனும் இருப்பான். அவனை ‘வெரி குட்’ சொல்லி உட்கார வைக்குமுன், ‘3.5, 3.75 இரண்டில் எது பெரியது?’ என்று கேளுங்கள். அதற்கும் அவன் ‘3.5’ என்றால், பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்பதைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருக்கும் எண்ணே எப்போதும் பெரியது என்று அவன் ஒரு விதி வைத்திருக்கிறான். முதல் வினாவில் அவனுடைய பிழை சரியான விடைக்குள் ஒளிந்திருந்தது. அந்த மாணவிக்கோ இரண்டாவது வினா சரியாக வந்துவிடும். ஆக, இரண்டு வினாக்களையும் சேர்த்துக் கேட்டால்தான் யாருக்கு என்ன பாடம் வேண்டும் என்பது தெரிகிறது. மாணவர் மையம் என்ற சொல்லுக்கு நான் தரும் பொருள் இதுதான்: அடுத்து என்ன செய்வது என்பதை, பாடக்குறிப்பு ஏட்டில் எழுதியிருக்கும் வரிசையைவிட, எதிரில் இருக்கும் பிள்ளையின் எண்ணம் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் பாடத்தில் இப்படிப்பட்ட பிழைகள் எவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வல்லினம் மிகும் இடம், அறிவியலில் ‘கனமான பொருள்தான் மூழ்கும்’ என்பது, சமூக அறிவியலில் கோடைக்காலம் சூரியனுக்கு அருகில் போவதால் வருகிறது என்பது என ஒவ்வொன்றிலும் பிள்ளையின் தரப்பில் ஒரு நியாயம் இருக்கும். அந்த நியாயத்தை எழுதிவைத்திருக்கும் ஆசிரியரின் கொள்கைக் குறிப்பு தானாகவே தனித்துத் தெரியும்.

அறிஞர்களை எங்கே வைப்பது?

சான்றுகளைப் பார்த்தபின் நூல்களுக்குப் போனால், எவரிடமிருந்து எதை எடுப்பது என்பது தெளிவாகிவிடும். அளவுகோலைக் கொடுத்து உடன் நின்ற ஆசிரியருக்கு ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி பயன்படுவார், ஏனெனில் ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள பரப்பில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. கையால் தொட்டுக் கற்கும் கருவிகளை வடிவமைக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு மாண்டிசோரி பயன்படுவார். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சியளிக்க வந்து, உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருப்பதற்கும், உள்ளே நடப்பதற்கும் தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம். டூயியை மேற்கோள் காட்டுபவர்கள் 1938-இல் அவர் எழுதியதையும் படிக்க வேண்டும். பழைய முறையை எதிர்ப்பது மட்டுமே புதிய முறையாகிவிடாது, எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று தம் ஆதரவாளர்களையே அவர் அதில் எச்சரித்திருக்கிறார்.

நன்னூலை நம்மில் பலர் இலக்கணத்துக்காக மட்டும் புரட்டுகிறோம். அதன் பொதுப்பாயிரம் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் ‘விரையான் வெகுளான்’ ஆக இருந்து, ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். ஆசான் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். அதே பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என்று தரம் பிரிக்கவும் செய்கிறது. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடலாம் என்பது என் முடிவு. ‘மெல்லக் கற்போர்’ என்று பதிவேட்டில் ஒருமுறை எழுதப்பட்ட பெயர் பத்தாம் வகுப்புவரை துரத்துவதைப் பார்த்தவர்கள் எருமைக்கும் ஓட்டைக்குடத்துக்கும் வக்காலத்து வாங்க மாட்டார்கள்.

பயிற்சி வகுப்புகளில் பரவலாகப் புழங்கும் இரண்டு சரக்குகளைக் குறிப்பில் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஒன்று, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பது. உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் இதை அலசி, போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். மற்றொன்று, படித்தால் பத்து விழுக்காடு, கேட்டால் இருபது விழுக்காடு என்று ஏறிக்கொண்டே போகும் கற்றல் பிரமிடு. இதற்கு மூலமாகக் காட்டப்படும், அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட அனுபவக் கூம்பில் விழுக்காடுகளே கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தவை அவை. நன்னூலின் கால், அரைக் கணக்கையும் அளந்து கண்ட புள்ளிவிவரமாக எண்ணிவிடக் கூடாது. அனுபவமுள்ள ஒருவரின் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல்

மாணவர் மையக் கல்வி என்றதும் பலர் மனத்தில் வருவது பெஞ்சுகளை வட்டமாகப் போடுவது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய செயல்வழிக் கற்றலையும் அப்படித்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்: தரையில் பாய், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, வண்ண அட்டைகள். ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளிலிருந்து வந்த அந்த முறையின் உயிர் பாயில் இல்லை, கற்றல் ஏணியில் இருந்தது. ஏணியில் தான் நிற்கும் படி எது என்பதைச் சின்னத்தைப் பார்த்துப் பிள்ளையே அறிந்துகொள்ளும்; அடுத்த அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுக்கும்; ஒரு வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து தொடரும். வேகம் பிள்ளையின் கையில் இருந்தது. எங்கே அட்டையை ஆசிரியரே வரிசைப்படி எடுத்துக் கொடுத்து எல்லோரையும் ஒன்றாக நகர்த்தினாரோ, அங்கே பாய் இருந்தும் பழைய வகுப்பே நடந்தது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிப்பதற்கும் இதே கேள்வி பொருந்தும்: அரும்பிலிருந்து மொட்டுக்குப் பிள்ளை நகர்கிறதா, அல்லது அது இன்னொரு பெயர்ப்பட்டியாகிவிட்டதா?

நாற்பது பேர் கொண்ட உயர்நிலை வகுப்பில், மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புரட்டிப் போட முடியாது, போடவும் வேண்டாம். ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் மாற்றி ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். எளிதில் தொடங்கத் தக்கது, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டுத்தாளில், பெயர் எழுதாமல், அன்றைய பாடத்திலிருந்து ஒரு வினாவுக்கு விடையும் அதற்கான காரணமும் எழுதி வாங்குவது. அன்று மாலையே தாள்களைப் பிழையின் வகைப்படி மூன்று நான்கு அடுக்குகளாகப் பிரித்துவிட்டால், மறுநாள் முதல் பத்து நிமிடம் எதற்கு என்பது தானாகத் தெரியும். மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

மற்றொன்று, ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்ல வைப்பது. இது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவனாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதை இங்கே கண்டு, மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் நூலாக வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் சொல்பவன் எப்போதும் சொல்பவனாகவும் கேட்பவன் எப்போதும் கேட்பவனாகவும் இருந்தார்கள். உங்கள் வகுப்பில் இணைகளை வாரந்தோறும் மாற்றுங்கள். சொல்லும் வாய்ப்பு பின்தங்கியவருக்கும் வர வேண்டும்.

நேரடியாக விளக்குவதை இழிவாக நினைக்கவும் வேண்டாம். ஒரு துறையில் புதிதாக நுழைபவருக்கு வழிகாட்டல் இல்லாத கண்டறி முறை நன்மை செய்வதில்லை என்று கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. முன்பின் அறியாத சூத்திரத்தை ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று குழுவிடம் விட்டால், வீட்டில் டியூஷன் படித்துவிட்டு வந்த பிள்ளை சொல்லும், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். பத்து நிமிடம் தெளிவாக விளக்கிவிட்டு, பிறகு பயன்படுத்திப் பார்க்க விடுவதும் மாணவர் மையமே.

எழுதும் முறை

இப்போது எழுத உட்காரலாம். ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஒரு செயல், அந்தச் செயலுக்கு ஒரு சான்று, அது கைகொடுக்காத ஓர் இடம் என்று பத்தியைக் கட்டுங்கள். முதல் வரைவில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது. குழந்தைகளின் தேவைக்கேற்பக் கற்பித்து அவர்களின் முழு ஆளுமையை வளர்ப்பதே என் கொள்கை.’ இதை மறுக்க யாரும் இல்லை. மறுக்க முடியாத வாக்கியம் எதையும் சொல்வதும் இல்லை. அதே ஆசிரியர் தம் வகுப்பிலிருந்து எழுதினால் இப்படி வரும்:

‘ஏழாம் வகுப்புக்குத் தசம எண் நடத்துகையில், ஒரே விடைக்குப் பின்னால் வெவ்வேறு எண்ணங்கள் இருப்பதைக் காண்கிறேன். ஆகவே புதிய பகுதியைத் தொடங்குமுன், பிழைகளைப் பிரித்துக் காட்டும் இரண்டு வினாக்களைத் துண்டுத்தாளில் கேட்டு, அதற்கேற்ப மறுநாள் பாடத்தை அமைக்கிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. அப்போது வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்கிறேன்.’

இதில் அறிஞர் பெயர் ஒன்றுகூட இல்லை. வேண்டுமானால் வைகாட்ஸ்கியை ஒரு வரியில் சேர்க்கலாம். அவர் வராவிட்டாலும் பத்தி நிற்கும். எந்தப் பெயரை எடுத்துவிட்டால் பத்தி விழுந்துவிடுகிறதோ, அந்தப் பத்தியில் உங்கள் வகுப்பு இல்லை என்று பொருள்.

தேர்வைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். நம் சூழலில் அதைத் தவிர்த்துவிட்டுப் பேசும் கொள்கைக் குறிப்பை எந்தத் தலைமையாசிரியரும் நம்ப மாட்டார். மனப்பாடத்தை முற்றாக மறுப்பவர் என்றால் அப்படியே எழுதுங்கள். வாய்ப்பாட்டையும் செய்யுளையும் மனப்பாடம் செய்வது நல்லது, பத்து மதிப்பெண் விடையை வரிபிசகாமல் ஒப்பிப்பது நல்லதன்று என்று நினைப்பவர் என்றால் (நான் அந்தக் கட்சி) எங்கே கோடு கிழிக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். மாணவர் பெயர்களைப் போடாதீர்கள். ‘ஒரு மாணவி’ போதும்.

எழுதி முடித்ததும் உங்கள் வகுப்பைப் பார்த்த ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்து, ‘இதில் எந்த வரியை நீங்கள் என் வகுப்பில் பார்த்ததில்லை?’ என்று கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அவர் சுட்டும் வரியை நீக்கலாம், அல்லது அடுத்த மாதத்துக்கான வேலையாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தின் அடியில் மாதத்தையும் ஆண்டையும் குறித்துவையுங்கள். அடுத்த ஜூனில் புதிய வகுப்பு கைக்கு வந்ததும் மீண்டும் ஒலிப்பதிவு செய்து, பழைய பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நேர்காணலுக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டுகளின் பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள். எது மாறியது, ஏன் மாறியது என்று கேட்கப்பட்டால் சொல்வதற்கு உங்களிடம் துண்டுத்தாள்கள் இருக்கும்.